குஞ்சு காணாமற் போனால் பூனைதான் குற்றவாளியா?

அடைகாத்துப் பொரித்த குஞ்சுகளில் ஒன்று குறைந்தால் பழி முதலில் பூனையின் மேல்தான் விழுகிறது. அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர் பகுதிகளில் புறக்கடையில் நாலைந்து நாட்டுக் கோழிகள் வைத்திருக்கும் சிறு விவசாயக் குடும்பங்களிலும் இதே பேச்சுதான். கோபத்தில் மீன் துண்டில் விஷம் தடவி வேலியோரம் வைத்து விடுவோரும் உண்டு. பூனையால் கோழிக்கு ஆபத்து உண்டா, உண்டென்றால் எவ்வளவு, அதற்கு விஷம்தான் மருந்தா என்பதைச் சற்று நிதானமாக யோசித்துப் பார்ப்பது நல்லது.

பூனை கோழிக் குஞ்சைத் தின்னும் என்பதில் ஐயமில்லை. அன்று பொரித்த நாட்டுக் கோழிக் குஞ்சு ஏறக்குறைய 30 கிராம் எடைதான் இருக்கும். சுண்டெலியை விடச் சற்றுப் பெரியது, அவ்வளவே. தரையில் தத்தித் தத்தி ஓடிக் கீச்சிடும் அந்த உருவம் பூனையின் கண்ணுக்கு எலியாகவே படுகிறது. முதல் ஆறு வாரம் வரை இந்த ஆபத்து அதிகம். எட்டு வாரம் கடந்து, உடம்பு தேறி, பறந்து மேலே ஏறத் தெரிந்துவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறைந்து விடும். வளர்ந்த கோழியை, அதிலும் குஞ்சுடன் இருக்கும் தாய்க்கோழியை, 3 அல்லது 4 கிலோ எடையுள்ள வீட்டுப் பூனை எளிதில் நெருங்காது. சிறகை விரித்துக் கொண்டு பாயும் தாய்க்கோழியிடம் கொத்து வாங்கிக் கொண்டு பூனை ஓடுவதைக் கிராமத்தில் பார்க்காதவர்கள் இல்லை.

தடயம் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும்

குஞ்சு குறைந்ததும் பூனையைத் தேடுவதற்கு முன், எந்த நேரத்தில், எப்படிக் குறைந்தது என்று பார்க்க வேண்டும். பகலில், திறந்த வெளியில் குஞ்சு மாயமானால் பெரும்பாலும் பருந்து, வல்லூறு அல்லது காகத்தின் வேலையாக இருக்கும். இரவில் கூடைக்குள் இருந்த குஞ்சின் கால் கடிபட்டிருந்தாலோ, பாதி தின்ற குஞ்சு வளை அருகே கிடந்தாலோ அது பெருச்சாளி. கழுத்திலும் தலையிலும் கடிபட்டு ஒன்றுக்கு மேற்பட்ட கோழிகள் கிடந்து, முட்டைகளும் உடைந்திருந்தால் கீரிப்பிள்ளையைச் சந்தேகிக்கலாம். அடை முட்டை ஓடு கூட இல்லாமல் மறைந்தால் பாம்பு வந்திருக்கக் கூடும். பெரிய கோழிகள் பல குதறப்பட்டு, தின்னப்படாமலே கிடந்தால் அது தெரு நாய். பூனையோ வழக்கமாக ஒரு குஞ்சை மட்டும் கவ்விக் கொண்டு மறைவிடத்துக்குப் போய்விடும். சில இறகுகள்தான் மிஞ்சும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பூனையின் வாயில் குஞ்சைக் கண்டதனால் மட்டும் அதைக் கொன்றது பூனைதான் என்று ஆகி விடாது. நோயில் செத்துக் கிடந்த குஞ்சையும் பூனை தூக்கிப் போகும். அப்படியானால் பூனையைத் துரத்திவிட்டு நிம்மதியாக இருக்கும் வீட்டில் அடுத்த வாரமே எல்லாக் கோழிகளும் சுருண்டு விழலாம்.

புறக்கடைக் கோழிக்குப் பெரிய எமன் வெள்ளைக் கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோய்தான். பத்துக் குஞ்சில் பூனை மூன்றைத் தின்றது என்று வைத்துக் கொள்வோம். மீதி ஏழு இருக்கும், தாய்க்கோழி மறுபடி அடைக்கு உட்காரும். தடுப்பூசி போடாத கூட்டத்தில் இராணிக்கெட் புகுந்தாலோ குஞ்சும் மிஞ்சாது, தாயும் மிஞ்சாது. இதற்கான தடுப்பு மருந்து 1932-இல் தொடங்கப்பட்ட இராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்திலேயே தயாராகிறது. குஞ்சுக்கு 7-ஆம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், 8-ஆம் வாரத்தில் இறக்கையில் ஊசியும் போட வேண்டும். பூனைக்காகக் கண் விழிக்கும் வீடுகளில் பல, தடுப்பூசி முகாம் நாளை மறந்து விடுகின்றன என்பதே வருத்தத்திற்குரியது.

ஒரு பூனை போனால் இன்னொன்று

அத்திப்பட்டின் நிலைமை உள்நாட்டுக் கிராமங்களைப் போன்றதல்ல. 1994-இல் வடசென்னை அனல் மின் நிலையத்தின் முதல் அலகு இயங்கத் தொடங்கியது. 2001-இல் எண்ணூர் துறைமுகம், அதாவது இன்றைய காமராஜர் துறைமுகம், செயல்படத் தொடங்கியது. அவற்றைத் தொடர்ந்து சரக்குப் பெட்டகக் கிடங்குகளும், லாரி நிறுத்தங்களும், சாலையோரச் சாப்பாட்டுக் கடைகளும் பெருகின. எச்சிலும் மீன் கழிவும் கொட்டும் இடத்தில் எலியும், நாயும், பூனையும் சேர்வது இயற்கை. போதாததற்குச் சீமைக் கருவேலப் புதர்கள் கீரிக்கு மறைவிடம் தருகின்றன. இத்தகைய ஊரில் ஒரு பூனையைக் கொன்றால் அந்த இடத்துக்கு இன்னொரு பூனை வந்து சேரும். விஷம் வைக்கும் வேலைக்கு முடிவே இராது.

விஷத்தால் வரும் கேடு அதோடு நிற்பதில்லை. வயலுக்கு வாங்கிய குருணை மருந்தை மீனில் கலந்து வைப்பவர்கள், சிந்திய குருணையைக் கோழியே மணல் என்று நினைத்துப் பொறுக்கித் தின்னும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. கோழிக்கு இரைப்பையில் அரைக்கச் சிறு கல் வேண்டும். குருணைக்கும் கல்லுக்கும் அது பேதம் அறியாது. தவழும் குழந்தையும் அறியாது. விலங்குகளைக் கொடுமையாகக் கொல்வது 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். கையால் பிடித்துச் சாக்கில் கட்டப் போய்க் கடி வாங்குவோரும் உண்டு. பூனைக் கடியாலும் வெறிநோய் வரும். கடிபட்ட இடத்தை உடனே சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் சென்று ஊசி போட்டுக் கொள்ள வேண்டும்.

பூனை எலியைப் பிடிக்குமே என்று அதைத் தெய்வமாக்குவதும் சரியல்ல. அமெரிக்காவில் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில், ஒரு குப்பைக் கிடங்கில் 79 நாட்கள் கேமரா வைத்துப் பார்த்து 2018-இல் முடிவு வெளியிட்டார்கள். பூனைகள் நடமாடிய அந்த இடத்தில் பூனைகள் கொன்ற பெரிய எலிகள் இரண்டே இரண்டு! பூனை சுண்டெலியைக் குறைக்கும். பெருச்சாளியோடு மல்லுக்கு நிற்காது. பெருச்சாளிக்கு மருந்து, தீவனத்தை இரவில் வெளியே விடாமல் மூடி வைப்பதும், வளைகளை அடைப்பதும்தான்.

கூடுதான் காவல்

ஆகவே செலவழிக்கும் காசையும் கவனத்தையும் கூட்டின் மேல் வைப்பதே புத்திசாலித்தனம். பஞ்சாரத்தைக் கவிழ்த்து மூடினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். வெறும் பஞ்சாரத்தைப் பூனை தள்ளி விடும்; பெருச்சாளி அடியில் தோண்டும். மேலே கனமான கல் ஒன்றை வைத்து, பஞ்சாரத்தைக் கெட்டியான தரையில் கவிழ்க்க வேண்டும். இயன்றவர்கள் தரையிலிருந்து 2 அடி உயரத்தில், கால்களின் மேல் நிற்கும் மரக் கூடு செய்து கொள்ளலாம். ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி இடம் போதும். பக்கங்களுக்கு அரை அங்குலக் கண் உள்ள பற்றவைத்த கம்பி வலையே ஏற்றது. கண் பெரிதான சாதாரணக் கோழி வலைக்குள் பூனை காலை விட்டு இழுத்து விடும். கதவுக்கு வெறும் கயிறு போதாது, கொக்கி வேண்டும். பொழுது சாயும் முன் அடைத்து, விடிந்து நன்கு வெளிச்சம் வந்தபின் திறந்து விட வேண்டும்.

பகலுக்கு என்ன செய்வது? முதல் ஆறு வாரம் தாயையும் குஞ்சுகளையும் வீட்டை ஒட்டிய ஒரு சிறு அடைப்பில் விடலாம். அதன் மேலே விரிக்க இப்பகுதியில் பொருளுக்குப் பஞ்சமில்லை. எண்ணூர்க் கழிமுகத்து மீனவர் குப்பங்களில் கழித்துப் போடும் பழைய மீன் வலையே போதும். பருந்தும் காகமும் பூனையும் ஒரே வலையில் தடைபடும்.

வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் அதற்கு நேரத்துக்குச் சோறு போட வேண்டும். கோழிக் குடலையும், செத்த குஞ்சையும் மட்டும் போடவே கூடாது. ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவும் என்பது பழமொழி. இதில் இன்னொரு காரணமும் உண்டு. 2024 டிசம்பரில் நாக்பூர் கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் பறவைக் காய்ச்சலால் இறந்தன. 2025-இல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் வீட்டுப் பூனைகளிலும் அந்நோய் கண்டறியப்பட்டது. பூனையால் கோழிக்கு ஆபத்து என்று பேசுகிறோம். செத்த கோழியால் பூனைக்கும், அதன் வழியே வீட்டாருக்கும் ஆபத்து வரலாம். கோழிகள் திடீரெனக் கூட்டமாகச் செத்தால் அவற்றைக் கையால் தொடாமல் உடனே கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சாதாரணமாகச் சாகும் ஒன்றிரண்டையும் குப்பையில் எறியாமல் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும்.

புறக்கடைக் கோழி பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கைமுதல். பிள்ளையின் நோட்டுப் புத்தகமும், அவசர மருந்தும், திருவிழாச் செலவும் அதிலிருந்துதான் வருகின்றன. ஒரு குஞ்சு போனாலும் அந்த அம்மாவின் வயிறு எரிவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபம் மீன் துண்டில் விஷமாகப் போவதால் ஒரு குஞ்சும் திரும்பி வராது. அடுத்த அடை வைத்தபின் குஞ்சு பொரிக்க 21 நாட்கள் இருக்கின்றன. அந்த நாட்களுக்குள் ஒரு கொக்கியும், ஒரு வலையும், தடுப்பு மருந்துக்கு ஒரு நாளும் ஒதுக்கி வைத்தால், பொரிக்கும் குஞ்சுகளில் பெரும்பகுதி தேறி விடும். பூனை அதன் போக்கில் சுண்டெலி பிடித்துக் கொண்டிருக்கட்டும்.