ஊருக்கு ஒரு சிலையை யார் தேர்ந்தெடுப்பது?

தஞ்சாவூர்க்காரர்களிடம் போய் "உங்கள் ஊருக்குச் சிலை வேண்டும்" என்றால் சிரிப்பார்கள். பெரிய கோயிலில் திரும்பின பக்கமெல்லாம் கற்சிலை. அரண்மனைக் கலைக்கூடத்தில் உலகமே வந்து பார்த்துவிட்டுப் போகிற செப்புத் திருமேனிகள். போதாததற்கு முச்சந்திக்கு முச்சந்தி தலைவர்கள் கை நீட்டியபடி நிற்கிறார்கள்.

இருந்தாலும் எனக்கு ஒரு குறை உண்டு. நம் காலத்துச் சிற்பி ஒருவர் தம் மனசுக்குப் பிடித்தபடி செய்த நல்ல சிற்பம் ஒன்று, வெயிலிலும் மழையிலும் நின்றுகொண்டு, காய்கறி வாங்கப் போகிறவர் கண்ணில் தினமும் படுகிற மாதிரி இந்த ஊரில் இருக்கிறதா? நான் தேடிப் பார்த்த அளவில் இல்லை. பக்கத்திலேயே கும்பகோணத்தில் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. சுவாமிமலையில் வழிவழியாக வார்ப்பு வேலை செய்கிற ஸ்தபதிகள் இருக்கிறார்கள். கையில் வித்தை இருக்கிறது, பார்க்கக் கண்களும் இருக்கின்றன. நடுவில் ஒரு தேர்வு முறை இல்லை. அதைப் பற்றித்தான், காலமெல்லாம் அரசாங்கக் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன் என்ற ஒரே தகுதியில், என் அபிப்பிராயத்தைச் சொல்ல வருகிறேன்.

தமிழ்நாட்டில் ஒரு நகரம் மொத்தமாகச் சிலைகளைத் தேர்ந்தெடுத்து வெட்டவெளியில் நிறுத்தியது என்றால் நம் தலைமுறைக்கு முதலில் நினைவு வருவது 1968 ஜனவரிதான். சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு. அண்ணா முதலமைச்சர். கடற்கரைச் சாலையில் வரிசையாகச் சிலைகள் எழுந்தன. திருவள்ளுவர், ஔவையார், கம்பர், கண்ணகி, பாரதியார், பாரதிதாசன், வீரமாமுனிவர், ஜி.யு.போப், கால்டுவெல் என்று பட்டியல் நீளும். அதில் நம் பக்கத்துக்காரர்களும் உண்டு. கண்ணகி புகார்க்காரி. கம்பர் தேரழுந்தூர். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவரும் கொள்ளிடத்துக்கு வடகரையில் ஏலாக்குறிச்சியில் இருந்தவர்தான்.

அந்தப் பட்டியல் நல்ல பட்டியல். மதத்தையும் நாட்டையும் பார்க்காமல் தமிழுக்குச் செய்த வேலையைப் பார்த்துப் போட்டது. அதில் எனக்கு ஆட்சேபணையே இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அன்றைக்கும் அதற்குப் பிறகும் நாம் பேசியதெல்லாம் யாருக்குச் சிலை, யாருக்கு இல்லை என்பது பற்றித்தான். எந்தச் சிலை நன்றாக வந்திருக்கிறது, எது சுமார், செய்தவர் யார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? 2001 டிசம்பரில் கண்ணகி சிலையை எடுத்தபோது ஊரே பேசியது. 2006 ஜூனில் திரும்ப வைத்தபோதும் பேசியது. இரண்டு தடவையும் பேச்சு அரசியலைப் பற்றியது. அந்தச் சிற்பத்தின் அழகைப் பற்றியோ குறையைப் பற்றியோ நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதே கடற்கரையில் 1959-லேயே வந்துவிட்ட உழைப்பாளர் சிலையை நினைத்துப் பாருங்கள். சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக நெடுநாள் இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. நான்கு பேர் ஒரு பாறையைப் புரட்டுகிறார்கள். அவர்கள் யார் என்று பெயர் இல்லை, பட்டமும் இல்லை. முதுகு வளைந்திருப்பதும் கால் மண்ணில் ஊன்றியிருப்பதும்தான் சிற்பம். சென்னைக்குப் போய் வந்த எவருக்கும் அது நினைவில் நிற்கும். கல்வெட்டைப் படிக்காமலே புரிகிற சிற்பம் அது. ஊருக்கு வேண்டியது இந்த ஜாதிச் சிற்பம் என்பது என் கட்சி.

நம் ஊர் ராஜராஜன் சிலையின் கதையும் நீங்கள் அறிந்ததே. எழுபதுகளின் தொடக்கத்தில் கோயிலுக்குள் வைக்க மாநில அரசு விரும்பியது. மத்திய அரசு அனுமதிக்கவில்லை. கோயிலுக்கு வெளியே வைத்தார்கள். உள்ளேயா வெளியேயா என்ற வழக்கு இன்றைக்கும் திண்ணைகளில் ஓயவில்லை. ஆனால் அந்தச் சிலை எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கத் தோதானது, பின்னால் அத்தனை பெரிய விமானம் நிற்கும்போது முன்னால் எந்த அளவில் ஓர் உருவம் எடுபடும் என்பதெல்லாம் நம் பேச்சில் வரவே இல்லை. ஒரு சிற்பத்துக்கு இடமும் அளவும் பாதி உயிர்.

அலுவலகத்தில் இது எப்படி நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊர் பேர் வேண்டாம். நான் வேலை பார்த்த இடம் ஒன்றில், பூங்காவில் வைக்க ஒரு சிலை வாங்கும் கோப்பு என் மேஜைக்கு வந்தது. உயரம் இத்தனை அடி, பீடம் இத்தனை அடி, வர்ணம் இன்னது, மூன்று விலைப்புள்ளி, குறைந்த தொகை கேட்டவருக்கு வேலை. நாற்காலி வாங்கும் கோப்புக்கும் அதற்கும் நடை ஒன்றுதான். சிலை லாரியில் வந்து இறங்கியபோது, யாருடைய சிலை என்பது பீடத்தில் பெயர் எழுதிய பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. விதியை யாரும் மீறவில்லை. விதிப்படியே எல்லாம் நடந்தது, அதுதான் வருத்தம்.

காரைக்காலில் நான் படித்தது பிரெஞ்சு வழியில். கலே நகரத்து ஆறு பெரியவர்கள் கதை அங்கே படிக்கிற பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். 1347-ல் இங்கிலாந்து ராஜா ஊரை முற்றுகையிட்டுப் பட்டினி போட்டபோது, ஊரைக் காப்பாற்ற ஆறு பேர் கழுத்தில் கயிற்றோடு, கையில் கோட்டைச் சாவியோடு சாகப் புறப்பட்டார்கள். கடைசியில் ராணி மன்றாடி அவர்கள் உயிர் தப்பியது. இதற்குச் சிற்பம் செய்யும் வேலையை 1880-களில் கலே நகராட்சி ரொதேனிடம் கொடுத்தது. இங்கே ரோடின் என்று எழுதுகிறார்கள், அவரேதான். அவர் செய்துகாட்டிய மாதிரியைப் பார்த்ததும் ஊரில் முணுமுணுப்பு: "வீரர்கள் மாதிரி இல்லையே, தலை தொங்கிப்போய் நிற்கிறார்களே!" சாகப் போகிறவன் வேறு எப்படி நிற்பான்?

ரொதேன் விரும்பியது, அந்த ஆறு பேரும் தரையோடு தரையாக, நடந்து போகிற ஜனங்களின் நடுவில் நிற்க வேண்டும் என்பது. 1895-ல் நகராட்சி அதை உயரமான பீடத்தில் ஏற்றிக் கம்பிவேலி போட்டது. அவர் 1917-ல் காலமானார். 1924-ல்தான் சிற்பத்தை நகர மண்டபத்துக்கு முன்னால் கொண்டுவந்து பீடத்தைத் தாழ்த்தினார்கள். அவர் செய்த பல்சாக் சிலையையும், கேட்டு வாங்கிய எழுத்தாளர் சங்கமே 1898-ல் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. பாரிஸ் தெருவில் அது நிற்க 1939 ஆயிற்று. பிரான்சிலும் குழுக்கள் நம் குழுக்கள் மாதிரிதான் என்று தெரிந்தபோது ஒரு ஆறுதல்.

இதே ரொதேன் நம் திருவாலங்காட்டு நடராஜரை, எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிற அந்தத் திருமேனியை, புகைப்படத்தில் மட்டும் பார்த்துவிட்டு வியந்து எழுதிய கட்டுரை 1921-ல் வெளிவந்தது. திருவாலங்காடு எங்கள் காரைக்கால் அம்மையார் போய்ச் சேர்ந்த தலம் என்பதால் எனக்கு அதில் ஒரு தனிச் சந்தோஷம்.

நல்ல முறை ஒன்றும் ஐரோப்பாவிலேயே இருக்கிறது. ஜெர்மனியில் முன்ஸ்டர் என்ற ஊர். எழுபதுகளில் ஒரு நவீன சிற்பம் வாங்குவது பற்றி அங்கே பெரிய சண்டை. அதிலிருந்து பிறந்ததுதான் 1977-ல் தொடங்கி பத்து வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் திறந்தவெளிச் சிற்பக் கண்காட்சி. கலைஞர் முதலில் ஊரைச் சுற்றிப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுப்பார். பிறகு அந்த இடத்துக்கென்றே செய்வார். கண்காட்சி முடிந்ததும் பெரும்பாலானவை எடுக்கப்படும், சில மட்டும் ஊரில் தங்கும். முதல் தடவை ஏரிக்கரையில் ஓல்டன்பர்க் என்பவர் வைத்த மூன்று பெரிய கான்கிரீட் உருண்டைகளை மாணவர்கள் ஏரியில் தள்ளிவிடப் பார்த்தார்களாம். இன்றைக்கு அந்த ஊருக்கு அதுவே அடையாளம். நம் மகாமகம் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற மாதிரி, அவர்களுக்கு இது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் விஷயம் என்று தள்ள வேண்டாம். வைகாசியில் நம் ராஜ வீதிகளில் 24 கருட சேவை நடக்கிறதே, அது என்ன? ஊரிலுள்ள இருபத்துநான்கு பெருமாள்களும் வரிசையாக வீதிக்கு வருகிறார்கள். பக்தியோடு கும்பிட்டுக்கொண்டே, "இந்தக் கருடன் முகம் எவ்வளவு லட்சணம்!" என்று நம் வீட்டுப் பெண்கள் ஒப்பிட்டுச் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். புதுக்கோட்டைப் பக்கம் ஐயனாருக்குப் புரவி எடுக்கும்போது, ஊர்க்காரர்கள் தங்கள் ஊர் மண்ணில் ஒரு பிடி எடுத்து வேளாரிடம் கொடுப்பார்கள். பிடிமண் என்று பெயர். அந்தக் குதிரை அந்த ஊர் மண்ணுக்குச் சொந்தம் என்பதற்கு அதைவிட நல்ல வேலை உத்தரவு எந்த அலுவலகத்தில் உண்டு? பழைய குதிரை மழையில் கரைந்தால் யாரும் அழுவதில்லை. அடுத்த எடுப்புக்குப் புதுக் குதிரை வரும்.

ஆகையால் தஞ்சாவூரில் இப்படி ஒரு கண்காட்சி நடத்தலாம் என்பது என் யோசனை. முறையையும் சொல்கிறேன்.

முதலில் இடம். சிவகங்கைப் பூங்கா, புது ஆற்றங்கரை, ரயிலடி என்று ஏழெட்டு இடங்களைக் குறித்து, சிற்பிகளை அங்கே நிறுத்திப் பார்க்கச் சொல்ல வேண்டும். இடம் தெரியாமல் உருவம் கேட்கக் கூடாது.

இரண்டாவது, தலைவர்கள் வேண்டாம், தெய்வங்களும் வேண்டாம். தலைவர் சிலை என்றால் கூண்டு போட வேண்டும், தேர்தல் வந்தால் துணி போட்டு மூட வேண்டும், ராத்திரியில் போலீஸ் வேண்டும். தெய்வம் என்றால் மறுநாள் காலையிலேயே யாராவது கற்பூரம் ஏற்றிவிடுவார்கள். பிறகு நகர்த்த முடியாது. நாற்று நடுகிற பெண், நாதஸ்வரத்தைத் துடைத்து உறையில் போடுகிறவர், மடை திறக்கப் போகிறவர் என்று செய்வதற்கு டெல்டாவில் விஷயமா இல்லை? எந்த உருவமும் இல்லாத வெறும் வடிவம் என்றாலும் வரட்டும்.

மூன்றாவது, குறைந்த விலைப்புள்ளி முறையை இதற்கு எடுத்துவிட வேண்டும். எல்லோருக்கும் ஒரே தொகை என்று முன்னாலேயே அறிவித்துவிட்டால், போட்டி வேலையில் மட்டும் இருக்கும். களிமண்ணில் செய்த சிறிய மாதிரிகளைப் பதினைந்து நாள் மார்க்கெட்டில் வைத்து ஜனங்களைப் பேச விட வேண்டும். அதைக் கேட்டுக்கொண்டு முடிவு சொல்லும் குழுவில் ஒரு ஸ்தபதி, ஒரு கவின்கலைக் கல்லூரி ஆசிரியர், அந்த இடத்தில் தினமும் இருக்கிற ஒரு பூக்காரம்மா அல்லது ஆட்டோ ஓட்டுநர். இந்த மூன்றாவது ஆள்தான் அந்தச் சிற்பத்தோடு வாழப் போகிறவர்.

நான்காவது, ஒரு ஐப்பசி கார்த்திகை மழையைத் தாங்கி நின்ற பிறகுதான் எது தங்கும், எது சிற்பியிடமே திரும்பும் என்று தீர்மானிக்க வேண்டும். பிடிக்காத சிலையோடு ஊர் நூறு வருஷம் குடும்பம் நடத்த வேண்டிய அவசியம் இல்லை.

ஐந்தாவது, பலகையில் சிற்பியின் பெயர் பெரியதாகவும், திறந்து வைத்தவர் பெயர் சிறியதாகவும் இருக்க வேண்டும். இதுதான் நடக்காது என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது.

"சாக்கடையே சரியாக ஓடவில்லை, இதற்குப் பணமா?" என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். சாக்கடை ஓடத்தான் வேண்டும். ஆனால் முச்சந்திச் சிலைகளுக்கு நாம் செலவழிக்கும் காசை யாரும் சாக்கடைக்கு மிச்சம் பிடித்ததாகவும் தெரியவில்லை. எப்படியும் செலவாகிற பணம், நல்ல வேலைக்காரன் கைக்குப் போகட்டும் என்கிறேன். கல்லூரியில் சிற்பம் படித்துவிட்டு வருகிற பிள்ளை வேறு வேலை தேடிப் போகிறான். ஸ்தபதி வீட்டுப் பிள்ளையும் அப்பாவின் உளியைத் தொடத் தயங்குகிறான். அவர்கள் செய்ததை அவர்கள் ஊரே நின்று பார்க்கிறது என்ற ஒன்று நடந்தால், அதில் ஒருவனாவது வித்தையை விடாமல் இருப்பான். ஒருவன் போதும், அவனிடமிருந்து நாலு பேர் கற்றுக்கொள்வார்கள்.