பறவைக் கணக்கில் பொய் வேண்டாம்

பறவை பார்க்கிறவர்கள் சாதுக்கள் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. விடியலில் எழுந்து, கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு ஏரிக்கரையில் நடக்கிறவன் யாருக்கு என்ன கெடுதல் செய்துவிடப் போகிறான்? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் குறிப்புகளைப் படிக்க ஆரம்பித்த பிறகு அந்த நம்பிக்கை போய்விட்டது.

"பாலாற்றில் இன்று ஆயிரக்கணக்கில் பறவைகள்! கண்கொள்ளாக் காட்சி!" என்று ஒருவர் எழுதுகிறார். எந்த இடம்? வேலூரா, ஆம்பூரா, வாணியம்பாடியா? எத்தனை மணிக்கு? என்ன பறவை? எண்ணினாரா, மனசுக்குத் தோன்றியதை எழுதினாரா? ஒன்றும் கிடையாது. ஆச்சரியக்குறி மட்டும் இரண்டு இருக்கிறது. கேட்டால், "ஏன் சார், சந்தோஷத்தைச் சொல்லக் கூடாதா?" என்று கோபித்துக்கொள்கிறார்.

தாராளமாகச் சொல்லலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் அந்தச் சந்தோஷத்துக்கு ஒரு விலை உண்டு. தோல் கழிவினால் இந்த வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழாயிற்று என்ற கணக்கு, வேலூர்க்காரர்கள் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பிலேயே இருக்கிறது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் பாலாற்றுக்காக மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. இப்படிப்பட்ட ஆற்றைப் பற்றி 'ஆயிரக்கணக்கில் பறவைகள்' என்று எழுதினால், கழிவை விடுகிறவனுக்கு அதைவிட நல்ல நற்சாட்சிப் பத்திரம் வேறு வேண்டுமா? நண்பர் பார்த்தது அநேகமாகப் பவளக்கால் உள்ளானாக இருக்கும். சிவந்த நெட்டைக் கால்களோடு அது சாக்கடைத் தண்ணீரிலும் கூட்டமாக நின்று இரை தேடும். அது நிற்பதனால் தண்ணீர் நல்ல தண்ணீர் ஆகிவிடாது. பறவையின் பெயரையும் தண்ணீரின் நிறத்தையும் சேர்த்து எழுதியிருந்தால், அதே கடிதம் எதிர்க்கட்சிக்குச் சாட்சியாகியிருக்கும்.

இது அசட்டுத்தனம். தெரிந்தே விடுகிற கதை இன்னொரு ரகம். ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன் என்றொரு ஆங்கிலேய ராணுவக் கர்னல், பறவை சாஸ்திரத்தில் பெரிய பெயர். காட்டுச் சிற்றாந்தை ஒன்றை 1914-இல் குஜராத்தில் பிடித்ததாகச் சீட்டு எழுதிக் கட்டி வைத்தார். அது 1880-களில் வேறொருவர் சேகரித்த பறவை. அருங்காட்சியகத்திலிருந்து திருடிச் சீட்டை மாற்றிய விஷயம் அவர் செத்து வெகுகாலத்துக்குப் பிறகே வெளிவந்தது. அந்தச் சீட்டை ஒதுக்கிவிட்டு, பழைய நேர்மையான சீட்டுகள் சொன்ன இடங்களில் தேடிய பமேலா ராஸ்முஸனும் அவருடைய தோழர்களும் 1997-இல் மகாராஷ்டிரத்தில் ஷாஹாதாவுக்குப் பக்கத்தில் ஆந்தையை உயிரோடு பார்த்தார்கள். 1884-க்குப் பிறகு கிடைக்காத பறவை!

ஆம்பூரில் தோலைத் தரம் பிரிக்கிற ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். தோலை வெளிச்சத்தில் விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவார். உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், உரித்தவன் கத்தி பட்ட இடம், எல்லாம் கைக்குத் தெரிந்துவிடும். சந்தேகம் வந்தால் ஒரு படி கீழேதான் போடுவார். "மேலே போட்டா, சரக்கு திரும்பி வந்துடும் தம்பி" என்பார். நம் பறவைக்காரர்கள் சந்தேகம் வந்தால் ஒரு படி மேலே போடுகிறார்கள். தூரத்தில் பறந்த பருந்து கடிதத்தில் அபூர்வக் கழுகாகிவிடுகிறது. 'சரியாகத் தெரியவில்லை' என்ற இரண்டு வார்த்தை எழுத என்ன கூச்சமோ!

சொல்லவே கூடாத இடத்தில் மட்டும் இவர்களுக்குத் துல்லியம் வந்துவிடுகிறது. எங்கள் பக்கத்துப் பாறைக் குன்று ஒன்றில் கொம்பன் ஆந்தை முட்டையிட்டிருந்தது. கண்டவர் வழி, பாறை, அடையாள மரம் எல்லாம் சொல்லி எழுதிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காமிராக்களோடு பதினோரு பேர் ஏறினார்கள். அதற்கடுத்த ஞாயிறு நான் போனபோது முட்டை குளிர்ந்து கிடந்தது, தாயைக் காணோம். எழுதியவருக்குப் பாராட்டுக் கடிதங்கள் வந்தனவாம்.

போன வாரம் பள்ளிக்கூடப் பையன் ஒருவன் எழுதியிருந்தான். 'ஏரி, மதகுக்குக் கிழக்கே, காலை 6.45. பவளக்கால் உள்ளான் 14. நாரை 2. தண்ணீர் தேநீர் நிறம், நாற்றம் உண்டு. பெயர் தெரியாத சின்னப் பறவை ஒன்று, வாலை ஆட்டிக்கொண்டே இருந்தது.' அந்தக் கடிதத்தைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.