பெருந்தொற்றுக் கால வாழ்க்கைக் கதைகள்: பதிவும் வெளியீடும்

1918ஆம் ஆண்டின் நச்சுக் காய்ச்சல் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. காலனிய ஆவணங்கள் அவ்விறப்புகளைப் பெரிதும் எண்ணிக்கையாகவே பதிந்துள்ளன. எஞ்சியோர் அந்நாள்களை எவ்வாறு கடந்தனர் என்பதற்கு அவற்றில் இடமில்லை. நூறாண்டுக்குப் பின் வந்த கொரோனாப் பெருந்தொற்றிலோ எண்ணிக்கையே சில இடங்களில் இல்லாது போயிற்று. ஊரடங்கின்போது ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர் பற்றிய தரவு தன்னிடம் இல்லையென நடுவண் அரசு 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. ஆவணம் கைவிட்ட இடத்தில் வாய்மொழியே சான்றாகிறது. ஆகவே, விளிம்புநிலை மக்களின் அனுபவங்களைத் தொகுத்தல் இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. அதனை எம்முறையில் செய்வது என்பதே வினா.

நாட்டார் வழக்காற்றியல் களப்பணியில் வழக்காறுகளைத் தருபவர் 'தகவலாளி' எனப்படுகிறார். விடுகதையையோ கதைப்பாடலையோ தருபவர் சமூகத்தின் பொதுச் செல்வத்தைத் தருவதால் அச்சொல் அங்கு ஓரளவு பொருந்தும். நோயுற்றோர் தெருவில் குப்பை அள்ளிய தூய்மைப் பணியாளர் கூறுவதோ அவருடைய சொந்த வாழ்வு. அதனைத் 'தகவல்' எனக் கொள்வது, சொன்னவருக்கு அதன்மேல் உள்ள உரிமையை மறைத்துவிடுகிறது.

கதை சொல்லப்படும் சூழலும் கருதத்தக்கது. 2020 மார்ச் 25இல் தொடங்கிய ஊரடங்கு பங்குனி, சித்திரைத் திருவிழாக்களை நிறுத்தியது. கரகாட்டம், பறையாட்டம், தெருக்கூத்து ஆகியவற்றின் கலைஞர்கள் தம் ஆண்டு வருவாய்க்குப் பெரிதும் நம்பியிருப்பது இத்திருவிழாக் காலத்தையே. அந்நிலையில் அரிசியும் பருப்பும் கொண்டுவருபவரிடம் கலைஞர் தம் அடவைப் பற்றிப் பேசுவதில்லை. பசியைப் பற்றியே பேசுகிறார். அவர் கூறுவது உண்மையே. ஆயினும், அது முறையீட்டின் வடிவில் அமைந்த உண்மை. அதனை மட்டும் அச்சிடும் நூலில் கலைஞர் என்றென்றும் இரவலராகவே நின்றுவிடுகிறார். மேலும், உதவி வேண்டி நிற்பவர் தரும் இசைவு தடையற்ற இசைவாகாது.

பாமாவின் 'கருக்கு', கே. ஏ. குணசேகரனின் 'வடு', லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா' ஆகிய தன்வரலாறுகளில் எதைச் சொல்வது, எதை விடுவது, எம்மொழியில் சொல்வது என்பவற்றை எழுதியவரே முடிவு செய்தார். தொகுக்கப்படும் கதைகளில் அவ்வுரிமை தொகுப்பாளர் கைக்கு மாறுகிறது. பெயரை மறைத்தால் போதும் என்பர். ஒரு திருநங்கை மட்டுமே வாழும் சிற்றூரில், பெயரில்லாத கதையும் அவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

காலந்தாழ்த்தினால் நினைவு மங்கும் என்னும் மறுப்பு புறந்தள்ளத்தக்கதன்று. ஆனால், அது பதிவு செய்வதற்குப் பொருந்துமேயன்றி வெளியிடுவதற்குப் பொருந்தாது. இவ்விரண்டையும் பிரித்தல் வேண்டும். நெருக்கடிக்குள் பதியப்பட்ட கதையை, அது தணிந்தபின் சொன்னவரிடமே கொண்டுசென்று, அவர்தம் வட்டார வழக்கு மாறாத எழுத்துப்படியை வாசித்துக்காட்டி, மீண்டும் இசைவு பெறுதல் வேண்டும். திருத்தவும் சேர்க்கவும் முற்றிலும் விலக்கிக்கொள்ளவும் அவருக்கு உரிமை வேண்டும். நிவாரணம் வழங்குபவரும் கதை கேட்பவரும் ஒருவராக இருத்தல் கூடாது.

இந்நெறிகளால் தொகுப்புகளின் எண்ணிக்கை குறையலாம். ஆய்வேடு முடியக் காலம் கூடலாம். அக்காலத்தை ஆய்வாளருக்கு அளிக்கப் பல்கலைக்கழகங்கள் முன்வருதல் வேண்டும். இரண்டாம் இசைவு பெறப்படாத வாழ்க்கைக் கதைகளை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேர்க்கலாகாது என்னும் விதியைத் தமிழ்த்துறைகள் வகுப்பது அதற்கான முதற்படியாகும்.