சுமார் கேமுக்கு முழு விலை: ஏமாற்றம் எங்கே தொடங்குகிறது?

2024 ஆகஸ்ட் 23 அன்று சோனி நிறுவனம் ‘கான்கார்ட்’ என்ற கேமை வெளியிட்டது. விலை 40 டாலர். ஃபயர்வாக் ஸ்டுடியோஸ் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய ஷூட்டர் கேம் அது. செப்டம்பர் 6-ம் தேதி அதன் சர்வர்கள் மூடப்பட்டன. சரியாக இரண்டு வாரம். வாங்கிய எல்லோருக்கும் பணம் திருப்பித் தரப்பட்டது. அக்டோபரில் அந்த ஸ்டுடியோவையே இழுத்து மூடிவிட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கான்கார்ட் உடைந்துபோன கேம் அல்ல. கிராஃபிக்ஸ் பளிச்சென்று இருந்தது, துப்பாக்கி சுடும் அனுபவத்தைப் பல விமர்சகர்கள் பாராட்டவும் செய்தார்கள். ‘நல்லாத்தான் இருக்கு, ஆனா எதுக்கு விளையாடணும்?’ என்ற கேள்விக்கு மட்டும் அதனிடம் பதில் இல்லை. இதே பாணியில் இலவசமாகவே பல கேம்கள் கிடைக்கும்போது, இதற்கு ஏன் 40 டாலர் என்று ஆட்கள் கேட்டார்கள். ஸ்டீம் தளத்தில் ஒரே நேரத்தில் அதை விளையாடியவர்கள் எண்ணிக்கை அதிகபட்சம் 700-ஐக்கூடத் தொடவில்லை.

மோசமான கேமைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். சுமாரான கேம்தான் இன்றைய கேம் துறையின் உண்மையான நோய். அந்த நோய்க்கான செலவை விளையாடுபவர்களும், கேமை உருவாக்கிய ஊழியர்களும்தான் சுமக்கிறார்கள். முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறார்கள்.

மூன்று வகை ஏமாற்றம்

‘கேம் வேஸ்ட்’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அதற்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, அடிப்படையே தப்பான கேம். 2023 மே மாதம் வெளியான ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்: கோலம்’ இதற்கு உதாரணம். பழைய காலத்து வடிவமைப்பு, தொழில்நுட்பக் கோளாறுகள், போரடிக்கும் காட்சிகள் என எல்லாம் சேர்ந்திருந்தன. வெளியிட்ட டேடாலிக் நிறுவனம் உடனே மன்னிப்புக் கேட்டது. சில வாரங்களில் கேம் உருவாக்கும் பிரிவையே மூடிக்கொண்டது.

இரண்டாவது, நல்ல கேம்தான், ஆனால் வேகாமலே இலையில் பரிமாறப்பட்டது. 2020 டிசம்பர் 10 அன்று வந்த ‘சைபர்பங்க் 2077’ இந்த வகை. கதையும் நகரமும் அசத்தலாக இருந்தன. ஆனால் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் போன்ற பழைய கன்சோல்களில் கேம் திக்கித் திணறியது, அடிக்கடி நின்றுபோனது. அதிகம் பேர் வைத்திருந்ததும் அந்தக் கன்சோல்களைத்தான். வெளியாகி ஒரு வாரத்தில் சோனி தன் ஆன்லைன் ஸ்டோரிலிருந்து அந்த கேமைத் தூக்கியது. அது திரும்பி வர 2021 ஜூன் ஆனது.

மூன்றாவது, எல்லாம் இயங்கும், எதுவும் ஈர்க்காது. கான்கார்ட் இந்த வகை. 2017-ல் அறிவிக்கப்பட்டு, திரும்பத் திரும்பத் தள்ளிப்போய், 2024 பிப்ரவரியில் வந்த யூபிசாஃப்டின் ‘ஸ்கல் அண்ட் போன்ஸ்’ கேமும் இதே வரிசைதான். 70 டாலர் விலையை நியாயப்படுத்த, இது ‘நான்கு ஏ’ தரக் கேம் என்றார் நிறுவனத்தின் தலைவர் ஈவ் கில்லெமோ. துறையில் பிரம்மாண்டத் தயாரிப்புகளுக்கே ‘மூன்று ஏ’ என்றுதான் பெயர். கப்பல் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கூடுதல் ஏ எங்கே இருக்கிறது என்று கடைசிவரை புரியவில்லை.

முதல் வகையை யாரும் வாங்க மாட்டார்கள். இரண்டாவதைச் சரிசெய்ய வழி உண்டு. மூன்றாவதற்கு மருந்து இல்லை. கோளாறு என்றால் பேட்ச் போடலாம். சுவாரசியம் இல்லை என்றால் எந்தப் பேட்சைப் போடுவது?

‘அப்புறம் சரி பண்ணிக்கலாம்’ என்ற நம்பிக்கை

இந்த இடத்தில் எல்லோரும் எடுத்துக்காட்டுவது இரண்டு கதைகளை. ஒன்று ‘நோ மேன்ஸ் ஸ்கை’. 2016 ஆகஸ்டில் வந்தபோது, சொன்னது பல கேமில் இல்லை என்று கடும் கோபத்தைச் சந்தித்தது. ஹெலோ கேம்ஸ் என்ற சின்னக் குழு ஆண்டுக்கணக்கில் இலவச அப்டேட்கள் கொடுத்து, இழந்த பெயரை மீட்டது. இன்னொன்று சைபர்பங்க். 2023 செப்டம்பரில் வந்த 2.0 அப்டேட்டும், ‘ஃபேன்டம் லிபர்ட்டி’ என்ற கூடுதல் அத்தியாயமும் அதைத் தலைகீழாக மாற்றின.

இரண்டுமே பாராட்ட வேண்டிய உழைப்பு. சந்தேகமில்லை. ஆனால் இவை துறைக்கு ஒரு கெட்ட பழக்கத்தையும் கற்றுக்கொடுத்துவிட்டன. ‘இப்ப ரிலீஸ் பண்ணு, மூணு வருஷம் கழிச்சு எல்லாரும் மன்னிச்சிடுவாங்க’ என்ற தைரியம் வந்துவிட்டது.

அந்த மீட்சி எப்படிச் சாத்தியமானது என்பதை யாரும் பேசுவதில்லை. சைபர்பங்குக்கு முன்பதிவு மட்டும் 80 லட்சம். வெளியான முதல் பத்து நாளில் விற்றது 1.3 கோடிப் பிரதிகள். அந்தப் பணம் கையில் இருந்ததால்தான் சிடி ப்ராஜெக்ட் நிறுவனத்தால் மூன்று ஆண்டுகள் உட்கார்ந்து திருத்த முடிந்தது. அதாவது, அரைகுறைக் கேமை முழு விலை கொடுத்து வாங்கியவர்கள்தான், பின்னால் 2.0 பதிப்பைக் குறைந்த விலையில் வாங்கியவர்களுக்கான செலவையும் ஏற்றார்கள்.

பணம் வராத கேம்களின் கதை வேறு. பயோவேர் நிறுவனத்தின் ‘ஆன்தம்’ 2019 பிப்ரவரியில் வந்தது. அதைப் புதுப்பிக்கப் போகிறோம் என்றார்கள். 2021-ல் அந்த முயற்சியையே கைவிட்டார்கள். ஆர்கேன் ஆஸ்டின் உருவாக்கிய ‘ரெட்ஃபால்’ 2023 மே மாதம் வந்தது. சரியாக ஓராண்டில், 2024 மே மாதம், மைக்ரோசாஃப்ட் அந்த ஸ்டுடியோவை மூடியது. மீண்டு வந்த கேம்களை எல்லோரும் பேசுகிறார்கள். மீளாதவற்றை மறந்துவிடுகிறார்கள். அதனால்தான் மீட்சி சகஜம் என்ற தோற்றம் வருகிறது.

திறமை இல்லையா, வேறு காரணமா?

ரெட்ஃபால் குழுவுக்குத் திறமை இல்லை என்று சொல்லவே முடியாது. அதே ஸ்டுடியோதான் 2017-ல் ‘ப்ரே’ என்ற அருமையான ஒற்றை ஆட்டக்காரர் கேமைக் கொடுத்தது. ‘பேட்மேன்: ஆர்க்கம்’ வரிசையால் புகழ்பெற்ற ராக்ஸ்டெடியும் அப்படித்தான். அந்தக் குழு 2024 பிப்ரவரியில் ‘சூசைட் ஸ்குவாட்: கில் தி ஜஸ்டிஸ் லீக்’ கேமைக் கொடுத்தது. அதனால் வார்னர் பிரதர்ஸ் 20 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுத நேர்ந்தது.

இரண்டுக்கும் பொதுவான அம்சம் ஒன்று உண்டு. தனியாக உட்கார்ந்து ரசிக்கும் கேம்களில் கைதேர்ந்தவர்களை, நண்பர்களோடு சேர்ந்து விளையாடும் ஆன்லைன் கேம் பக்கம் திருப்பியிருக்கிறார்கள். ஏன்? ஒரு முறை விற்றுவிட்டுப் போகும் கேமைவிட, மாதாமாதம் உடை, ஆயுதம், சீசன் பாஸ் என்று வருமானம் தரும் கேம் மேலிடத்துக்கு இனிக்கிறது. ‘ஃபோர்ட்நைட்’ ஒன்று ஜெயித்தால், அடுத்த ஐந்தாறு ஆண்டுகளுக்கு எல்லோருக்கும் ஒரு ஃபோர்ட்நைட் வேண்டும். நன்றாக இட்லி சுடும் கடையில் போய், பக்கத்துத் தெருவில் பீட்சா நன்றாக விற்கிறது, நீயும் அதையே போடு என்பது போல.

ஆன்தம் கேமில் நடந்ததைப் பத்திரிகையாளர் ஜேசன் ஷ்ரையர் 2019-ல் விரிவாக எழுதினார். ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் வேலையில் இருந்த அந்த கேம், உண்மையான தயாரிப்புக் கட்டத்துக்கு வந்தது கடைசி 18 மாதங்களில்தான். கேமின் தனிச்சிறப்பான பறக்கும் வசதியையே பல முறை சேர்ப்பதும் நீக்குவதுமாக இருந்திருக்கிறார்கள். ‘ஆன்தம்’ என்ற பெயர்கூட அறிவிப்புக்குச் சற்று முன்புதான் முடிவானது. ஆண்டுக்கணக்கில் முடிவெடுக்காமல் இழுத்துவிட்டு, கடைசியில் ஊழியர்களைப் போட்டுப் பிழிந்தால் சுமாரான கேம்தான் வரும்.

இது புதிய கதையும் அல்ல. 1982-ல் அடாரி நிறுவனம் ‘ஈ.டி.’ படத்தை கேமாக்க விரும்பியது. கிறிஸ்துமஸ் விற்பனைக்குள் வர வேண்டும் என்பதால், ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற ஒரே ஆளுக்குக் கிடைத்தது ஐந்து வாரம். விற்காத கார்ட்ரிஜ்கள் நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ குப்பைமேட்டில் புதைக்கப்பட்டன. 2014-ல் தோண்டியபோது அவை நிஜமாகவே கிடைத்தன. தேதியை முதலில் குறித்துவிட்டு, கேமை அதற்குள் அடைப்பது அன்றே தொடங்கிவிட்டது.

விமர்சகர்கள் ஏன் சொல்லவில்லை?

சைபர்பங்க் வெளியாவதற்கு முன் விமர்சகர்களுக்குக் கிடைத்தது கணினிப் பதிப்பு மட்டுமே. தாங்கள் பதிவுசெய்த காட்சிகளை முன்கூட்டியே காட்டவும் அவர்களுக்கு அனுமதி இல்லை. பழைய கன்சோல்களின் நிலை, காசு கொடுத்து வாங்கியவர்கள் சொல்லித்தான் உலகுக்குத் தெரிந்தது.

இன்னொரு பிரச்சினை, மதிப்பெண். பத்துக்கு ஐந்துதான் சராசரியாக இருக்க வேண்டும். கேம் உலகில் பத்துக்கு ஏழு என்றாலே ‘சுமார்’ என்று அர்த்தமாகிவிட்டது. மதிப்பெண்ணின் பின்னால் மனிதர்களின் சம்பளமும் தொங்குகிறது. 2010-ல் வந்த ‘ஃபால்அவுட்: நியூ வேகாஸ்’ கேமுக்கு மெட்டாகிரிட்டிக் தளத்தில் 85 கிடைத்திருந்தால் அப்சிடியன் ஸ்டுடியோவுக்கு போனஸ். கிடைத்தது 84. ஒரு மதிப்பெண்ணில் போனஸ் போச்சு. இப்படி ஒரு பாரம் இருக்கும்போது, ‘இது சராசரிதான்’ என்று நேராக எழுத யாருக்கும் கை வராது.

அதற்காக ரசிகர்களின் கோபம் எல்லாம் நியாயம் என்றும் சொல்லிவிட முடியாது. நோ மேன்ஸ் ஸ்கை சில வாரங்கள் தள்ளிப்போனதற்கே அதன் இயக்குநருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. சைபர்பங்க் தள்ளிப்போனபோதும் இதேதான் நடந்தது. ‘தாமதமானாலும் பரவாயில்ல, நல்லா குடுங்க’ என்று ஒரு பக்கம், ‘இன்னுமா ரெடி ஆகல?’ என்று மறுபக்கம். தேதியை முடிவு செய்யாத ஊழியரைத் திட்டுவதால் எந்த கேமும் மேம்படப் போவதில்லை.

அப்படியானால் வாங்குபவர் என்ன செய்வது?

முதலில், முன்பதிவை நிறுத்தலாம். டிஸ்க் தட்டுப்பாடு இருந்த காலத்தில் முன்பதிவுக்கு அர்த்தம் இருந்தது. டவுன்லோடு செய்யும் கேம் எப்படித் தீர்ந்துபோகும்? முன்பதிவுக்குப் பரிசாகக் கிடைக்கும் ஒரு உடைக்காகவும் துப்பாக்கிக்காகவும், இன்னும் யாரும் பார்க்காத பொருளுக்கு இந்தியாவில் ஆயிரக்கணக்கான ரூபாய் கட்டுவது லாபமான பேரம் இல்லை.

இரண்டாவது, பணம் திரும்பப் பெறும் விதியைத் தெரிந்துவைப்பது நல்லது. ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பிளேஸ்டேஷனில், டவுன்லோடு தொடங்கிவிட்டால், கேமில் கோளாறு இருந்தால் தவிர பணம் திரும்பாது. அதாவது, கேம் வெறும் சுமார் என்பது அங்கே ஒரு காரணமே இல்லை.

மூன்றாவது, காத்திருப்பது. சில மாதங்களில் விலையும் இறங்கும், பேட்சும் வந்திருக்கும், உண்மையும் தெரிந்திருக்கும். 70 டாலருக்கு எரிச்சல் தரும் ஒரு சுமார் கேம், 15 டாலருக்கு நல்ல வார இறுதிப் பொழுதுபோக்காகவே இருக்கக்கூடும். சுமாராக இருப்பது குற்றமல்ல. சுமாரை மிகச்சிறந்தது என்று விற்பதில்தான் தப்பு.

‘எல்லாரும் காத்திருந்தா, நல்ல கேம் செய்யுறவங்களும் பாதிக்கப்படுவாங்களே’ என்ற வாதம் வரும். முதல் வார விற்பனையை வைத்தே ஸ்டுடியோவின் தலையெழுத்தை முடிவு செய்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் முன்பதிவு ஊழியர்களைக் காப்பாற்றும் என்பதற்கு ஆதாரம் ஏதும் இல்லை. ஆர்கேன் ஆஸ்டினை மூடுவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்த அதே நாளில், டாங்கோ கேம்வொர்க்ஸ் என்ற ஜப்பானிய ஸ்டுடியோவுக்கும் மூடுவிழா அறிவிக்கப்பட்டது. அவர்கள் உருவாக்கிய ‘ஹை-ஃபை ரஷ்’, 2023-ன் மிகவும் பாராட்டப்பட்ட கேம்களில் ஒன்று. இந்தியாவில் பிஜிஎம்ஐ மூலம் எல்லோருக்கும் தெரிந்த கிராஃப்டன் நிறுவனம் பின்னர் அந்த ஸ்டுடியோவை எடுத்துக்கொண்டதால் அது பிழைத்தது. சுமாரான கேம் கொடுத்தவர்களும் மூடப்பட்டார்கள், அருமையான கேம் கொடுத்தவர்களுக்கும் அதே கதி. அப்படியென்றால் வாங்குபவர் கண்ணை மூடிக்கொண்டு காசு கட்டுவதால் யாருடைய வேலைக்கு உத்தரவாதம்?

கான்கார்டை வாங்கியவர்களுக்காவது பணம் திரும்பி வந்தது. ‘தி க்ரூ’ என்ற கார் ரேஸ் கேமின் சர்வரை யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31-ல் நிறுத்தியபோது, ஆண்டுக்கணக்கில் அதை வைத்திருந்தவர்களால் இனி தனியாகக்கூட விளையாட முடியாது என்றானது. அதையடுத்துத் தொடங்கிய ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கத்தின் மனுவுக்கு ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். விற்ற பொருளுக்கு விற்றவர் பொறுப்பேற்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்பது. மிக்ஸி வாங்கினால் வாரன்டி கார்டு கேட்கிறோம். அதைவிட விலை கூடுதலான கேமுக்கு, குறைந்தபட்சம் ‘முதல்ல ரெடியா இருக்கான்னு பாக்கலாம்’ என்று இரண்டு வாரம் பொறுத்திருப்பதில் எந்த நஷ்டமும் இல்லை.