பழசை ஓட்டுவதா, புதுசு வாங்குவதா?

அமெரிக்காவின் புளோரிடாவில் வால்ட் டிஸ்னி வேர்ல்டு திறந்த 1971 முதலே அங்கே மோனோரயில் ஓடுகிறது. கான்கிரீட் உத்தரத்தின்மேல் ரப்பர் டயரில் ஓடும் மின்சார வண்டி. இப்போது ஓடும் மார்க் 6 வண்டிகள் 1989 முதல் 1991 வரை வந்தவை. முப்பது வயது தாண்டிவிட்டது. "மாத்திடு" என்கிறார்கள் சிலர். "ரிப்பேர் பண்ணியே ஓட்டு" என்கிறார்கள் சிலர்.

2009 ஜூலை 5-ல் அங்கே இரண்டு வண்டிகள் மோதி, ஓட்டுநர் ஒருவர் இறந்தார். காரணம் வண்டியின் வயசு இல்லை. தடம் மாற்றும் உத்தரம் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்காமலே வண்டியைப் பின்னால் வரச் சொன்னதுதான். கவனம் தவறினால் புது வண்டியும் மோதும்.

அதற்காகப் பழசையே கட்டிக்கொண்டு அழ முடியுமா? உலோகத்துக்கும் சோர்வு உண்டு. உதிரி பாகம் தயாரிப்பதே நின்றுபோனால் எந்தக் கில்லாடி மெக்கானிக் என்ன செய்வார்? கலிபோர்னியா டிஸ்னிலாண்டில் 2008-ல் மார்க் 7 வண்டிகள் வந்தன, உத்தரம் பழையதுதான். அதுவே சரியான வழி. ஒவ்வொன்றாக மாற்றட்டும், ஆனால் கடைசிப் பழைய வண்டி நிற்கும் நாள்வரை பராமரிப்பில் காசைக் குறைக்கக் கூடாது.

"எப்படியும் மாத்தப் போறாங்களே" என்று ஒரு போல்ட்டை முறுக்காமல் விடுவதுதான் ஆபத்து. நாளை ஸ்பேனர் பிடிக்கப் போவது நாம்தான், தோழர்களே! நாம் போடும் கையெழுத்தை நம்பித்தான் ஜனங்கள் வண்டியில் ஏறுவார்கள்.