கவுன்சிலரைத் திட்டுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!



மழை வந்தா ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி குரூப்கள்ல முதல் கமெண்ட்டே "கவுன்சிலர் எங்க?"தான். கேள்வி நியாயம். ஆனா அவர் கையில என்ன இருக்கு?

ஆவடியையே எடுத்துக்குங்க. தெரு வடிகால் மாநகராட்சி. சி.டி.எச். ரோடு நெடுஞ்சாலைத் துறை. பருத்திப்பட்டு ஏரி நீர்வளத் துறை. மூணு ஆபீஸ் வாசல்லயும் போய் நிக்கிறது ஒரே கவுன்சிலர்.

2019-ல ஆவடி மாநகராட்சி ஆச்சு, 48 வார்டு வந்துச்சு. 2023 ஜூலையில இருந்து மாநகராட்சி கவுன்சிலருக்கு மாசம் 10,000 ரூபாய் மதிப்பூதியம். பூந்தமல்லி மாதிரி நகராட்சின்னா 5,000. இதுல பெட்ரோல், போன், ஆபீஸ் வாடகை, உதவிக்கு ஒரு ஆள்... நீங்களே கணக்குப் போடுங்க. கையில காசு இல்லாதவர் கடைசியில கான்ட்ராக்டர்கிட்டதான் போய் நிப்பார். அதனாலதான் வார்டுக்கு ஒரு அலுவலகம், சம்பளத்தோட ஒரு உதவியாளர் வேணும்னு கேட்கிறோம்.

அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் 1993-லயே அமலுக்கு வந்தது. நகர உள்ளாட்சிக்கு 18 பணிகள்னு பட்டியலே இருக்கு. பணமும் ஆளும்தான் இன்னும் முழுசா வரல.

நமக்கும் ஒரு வேலை இருக்கு: ஏரியா சபை. நகரத்துக்கான கிராம சபைன்னு வச்சுக்குங்க. ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. தலைமை கவுன்சிலர்தான். உங்க ஏரியாவுல நடக்குதா? கேளுங்க, போங்க. எந்தத் தெரு வடிகால் முதல்லன்னு தீர்மானத்துல எழுத வைங்க. நம்ம கட்சி கவுன்சிலரா இருந்தாலும் விடாதீங்க. போட்டோவைக் கமெண்ட்ல போடுங்க, ஷேர் பண்றோம்.

#ஏரியாசபைக்குப்போவோம்