பார்சல் போச்சு, பணம் எங்கே?



மண்டியில் எடைக்கழிவு, கமிஷன், கடன்சீட்டு என்று பட்டது போதும், செல்போனிலே நேரடியா விற்கலாம் என்றார்கள். நம்பினோம். இளையான்குடிப் பக்கம் விளைந்த குண்டு மிளகாயைப் பாக்கெட் போட்டு அனுப்பினோம்.

நடந்தது என்ன? வாங்குகிறவர் வாசலில் "வேண்டாம்" என்றால் பார்சல் திரும்பி வருது. போக, வர இரண்டு கூலியும் நம் தலையில். வழியில் நனைஞ்சு பூசணம் பிடிச்ச மிளகாயும் நம் தலையில்! விற்ற பணத்தையோ "புகார் விசாரணையில்" என்று கம்பெனி நிறுத்தி வைக்குது. மண்டிக்காரரிடம் முகம் பார்த்தாவது சண்டை போட்டோம். இவனுக்கு முகமே இல்லை!

சட்டம் காப்பாற்றுமா? தபாலில் தொலைந்தால் அரசு பொறுப்பில்லை என்றது வெள்ளைக்காரன் போட்ட 1898 சட்டத்தின் 6வது பிரிவு. அதை நீக்கி வந்த 2023 சட்டத்தின் 10வது பிரிவும், விதியில் சொன்னதுக்கு மேல் பொறுப்பில்லை என்கிறது. பழைய கள், புது மொந்தை! சிறுதொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தரணும் என்று 2006லேயே சட்டம் வந்தாச்சு. விளைவிக்கிற சம்சாரிக்கு?

எங்கள் கோரிக்கைகள்:
* சரக்கு சேர்ந்த 7 நாளில் பணம்!
* திரும்பும் பார்சல் கூலி கம்பெனிக்கே!
* வழக்கை விசாரிக்கத் தாலுகா தோறும் அதிகாரி!

அதுவரை, எடை தெரியப் படம் எடுக்காமல் பார்சல் கட்டாதீர்கள். ரசீதைத் தொலைக்காதீர்கள். தனித்தனியே அழுதால் யாருக்கும் கேட்காது.

ஒன்றுபடுவோம்! போராடுவோம்!